தடை செய்யப்பட்ட துப்பாக்கி எது, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி எது: பிரிச்சுப் பாக்குறது எப்படி

பேப்பர்ல "தடை செய்யப்பட்ட துப்பாக்கி பறிமுதல்"னு தலைப்பு வரும், உள்ள படிச்சா பல நேரம் அது மலைக்கிராமத்துல எடுத்த ஒரு நாட்டுத் துப்பாக்கியா இருக்கும், இல்லன்னா லைசென்ஸ் புதுப்பிக்காம விட்ட 12 போர் துப்பாக்கியா (போர்ங்கறது குழலோட உள் விட்டத்தக் குறிக்கிற அளவு) இருக்கும். ரெண்டும் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி, குற்றம்தான், அதுல சந்தேகம் இல்ல. ஆனா சட்டத்துல "தடை செய்யப்பட்ட ஆயுதம்"ங்கறது தனிப் பிரிவு. ஒரு துப்பாக்கி எந்தப் பக்கம் விழுதுங்கறத வச்சுதான் தண்டனை ரெண்டு வருஷத்துல ஆரம்பிக்குதா ஏழு வருஷத்துல ஆரம்பிக்குதா, லைசென்ஸ் கலெக்டர் குடுப்பாரா டெல்லி வரைக்கும் போகணுமா எல்லாமே முடிவாகுது. அதனால வீட்ல பரம்பரையா துப்பாக்கி வச்சிருக்கறவங்க, அப்பாவோ தாத்தாவோ போனப்புறம் பரண்ல ஒண்ணு கிடைச்சவங்க, சொந்தத்துல யார் மேலயாவது ஆர்ம்ஸ் ஆக்ட் கேஸ் இருந்து எஃப்.ஐ.ஆர். காப்பி கைல வச்சிட்டு முழிக்கிறவங்க, இவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். இது முழுக்க இந்தியச் சட்டம், வேற நாட்ல கோடு வேற மாதிரி போட்ருப்பாங்க.

மொதல்ல எந்தப் புத்தகத்தப் பாக்கணும். 1959ல போட்ட ஆயுதச் சட்டம், அது 1962 அக்டோபர் 1ல இருந்து அமல். அது கூட ஆயுத விதிகள், முன்னாடி 1962 விதிகள் இருந்துச்சு, இப்ப 2016 விதிகள். அப்புறம் 2019 டிசம்பர்ல வந்த திருத்தச் சட்டம், இதுலதான் தண்டனைய எல்லாம் ஏத்துனாங்க, ஒருத்தர் வச்சுக்கலாம்ங்கற துப்பாக்கி எண்ணிக்கைய மூணுல இருந்து ரெண்டாக் குறைச்சாங்க, லைசென்ஸ் காலத்த மூணு வருஷத்துல இருந்து அஞ்சாக்குனாங்க. இந்த மூணையும் சேத்து வச்சுதான் படிக்கணும். இணையத்துல கிடைக்கிற பழைய பிடிஎஃப்ல தண்டனை எல்லாம் பழைய கணக்குலயே இருக்கும், அத நம்பி ஜாமீன் வாய்ப்பு எவ்வளவுன்னு கணக்குப் போடாதீங்க.

இப்ப விஷயத்துக்கு வரலாம். ஒரு துப்பாக்கியப் பத்தி அஞ்சு கேள்வி வரிசையா கேக்கணும், வரிசை முக்கியம், ஏன்னா நடுவுல ஒரு கேள்விக்கு ஆமான்னு பதில் வந்துட்டா அதுக்கு மேல போக வேண்டியதில்ல.

முதல் கேள்வி, ட்ரிகர அமுக்கிப் பிடிச்சா என்ன ஆகுது? விரல எடுக்குற வரைக்கும், இல்ல மேகசின் காலியாகுற வரைக்கும் குண்டு போயிட்டே இருந்தா அது சட்டத்தோட 2வது பிரிவு சொல்ற தடை செய்யப்பட்ட ஆயுதம், விதிகளோட அட்டவணையில 1(ஏ) வகை, மறு பேச்சே கிடையாது. மெஷின் கன், சப்மெஷின் கன், ஏகே-47 மாதிரி ரைபிள் எல்லாம் இங்கயே முடிஞ்சுது. அந்த வரியில "வடிவமைக்கப்பட்ட அல்லது மாத்தியமைக்கப்பட்ட"ன்னு ரெண்டுமே இருக்கு, அதாவது கம்பெனியில இருந்து வர்றப்ப ஒழுங்கா வந்து, பின்னால யாரோ உள்ள வேலை பாத்து தொடர்ந்து சுடுற மாதிரி ஆக்கியிருந்தாலும் அதே கதிதான். இதே பிரிவுல விஷ வாயு, விஷத் திரவம் வீசுற ஆயுதம், பீரங்கி, விமான எதிர்ப்பு துப்பாக்கி, டாங்கி எதிர்ப்பு துப்பாக்கி எல்லாம் வருது, அதுக்கும் மேல மத்திய அரசு கெசட்ல அறிவிக்கிற எந்த ஆயுதமும் வரும். இந்தக் கடைசி வார்த்தைய ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ ஒரு எடத்துல இது ரொம்ப முக்கியமா வரப்போகுது.

ரெண்டாவது கேள்வி, ஒரு தடவ சுட்டதும் அடுத்த தோட்டா தானா அறைக்குள்ள ஏறிக்குதா? ஒவ்வொரு குண்டுக்கும் ட்ரிகர தனியா அமுக்கணும், ஆனா கையால போல்ட் இழுக்கவோ பம்ப் பண்ணவோ வேண்டாம்னா அது செமி ஆட்டோமேட்டிக். 2016 விதிகளோட முதல் அட்டவணையில இது 1(பி) வகை. செமி ஆட்டோ ரைபிள், அது .22 அங்குலச் சின்ன குண்டா இருந்தாலும் சரி, செமி ஆட்டோ 12 போரா இருந்தாலும் சரி, இங்கதான் விழும். ஆனா பிஸ்டலும் ரிவால்வரும் இந்த வரியில இருந்து விலக்கு, அத 3(ஏ)ல தனியா வச்சிருக்காங்க. அதனாலதான் .32 பிஸ்டல் தானா லோடு ஆகுற ஜாதியா இருந்தும் சாதாரண லைசென்ஸ்ல கிடைக்குது. பல பேரு இங்க குழம்பி "பிஸ்டலே செமி ஆட்டோதானே, அதுக்கு லைசென்ஸ் குடுக்குறப்ப ரைபிளுக்கு ஏன் இல்ல"ன்னு கேக்குறாங்க. அட்டவணை அப்படித்தான் எழுதியிருக்கு.

மூணாவது, குழல் நீளம். உள்ள வரிவரியா மரை இல்லாத வழவழப்பான குழல், அதாவது 12 போர் மாதிரி துப்பாக்கி, பேரல் 20 அங்குலத்துக்குக் கீழ இருந்தா அதுவும் 1(பி). தாத்தா காலத்து டபுள் பேரல் 28, 30 அங்குலம் இருக்கும், ஒரு பிரச்சினையும் இல்ல. ஆனா அத ஒளிச்சு வைக்க வசதியா இருக்கும்னு யாராவது அறுத்துட்டாங்கன்னா, அந்த ரம்பத்தோட வேலையிலயே துப்பாக்கி வகை மாறிப்போச்சு. அது மட்டும் இல்லாம, லைசென்ஸ் இல்லாம குழல அறுக்குறதே 6வது பிரிவுல தனிக் குற்றம், 2019க்கு அப்புறம் ஒரு வகைத் துப்பாக்கிய இன்னொரு வகையா மாத்துறதையும் அதே பிரிவுல சேத்துட்டாங்க, அதுக்கு தண்டனை ஏழு வருஷத்துல ஆரம்பிச்சு ஆயுள் வரைக்கும் போகும். லைசென்ஸ் உள்ள துப்பாக்கிதானேன்னு பட்டறையில குடுத்து வேலை பாக்குறவங்க இதப் படிச்சுட்டு நிறுத்திக்கோங்க.

நாலாவது கேள்விதான் இருக்குறதுலயே நெருக்கமா பாக்க வேண்டியது. இந்தத் துப்பாக்கி ராணுவமும் போலீசும் உபயோகிக்கிற தோட்டாவ ஏத்துக்குமா? இது 1(சி). .303 அல்லது 7.62 எம்எம் ரைபிள், போல்ட் ஆக்‌ஷனா இருந்தாலும் செமி ஆட்டோவா இருந்தாலும் சரி, வேற எந்தப் பேர்ல இருந்தாலும் அந்த சர்வீஸ் தோட்டாவப் போட்டுச் சுட முடியும்னா இங்க வந்துரும். .410 மஸ்கெட்டும் (பழைய பாணி நீளத் துப்பாக்கி) இதுல உண்டு. கைத்துப்பாக்கியில .380, .455 விளிம்பு வச்ச தோட்டா, சர்வீஸ் 9 எம்எம், .45 இதெல்லாம் ஏத்துக்குற பிஸ்டல், ரிவால்வர், கார்பைன் (குட்டை ரைபிள்) எல்லாம் இதே வகை. வெள்ளைக்கார அதிகாரிங்க வச்சிருந்த வெப்ளி ரிவால்வர் .455ன்னா அதுவும் இங்கதான், பழைய ராணுவக் குடும்பங்கள்ல இது இருக்க வாய்ப்பு இருக்கு, கவனமா பாருங்க.

இதுக்குப் பின்னால இருக்குற காரணம் புரிஞ்சுட்டா மொத்த அட்டவணையும் புரிஞ்சுரும். எது அதிகமா ஆளக் கொல்லும்ங்கறது இங்க அளவுகோல் இல்ல. அரசாங்கத்தோட தோட்டா வெளிய கசிஞ்சா அது ஜனங்க கைல இருக்குற எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தக் கூடாதுங்கறதுதான் யோசனை, வெள்ளைக்காரன் காலத்துல இருந்தே இதுதான். இஷாப்பூர் ரைபிள் ஃபேக்டரியில செய்யுற .315 ஸ்போர்ட்டிங் ரைபிள எடுத்துக்கோங்க. அத ஒரு பழைய .303 பக்கத்துல வச்சா கட்டையும் போல்ட்டும் பாத்து தூரத்துல இருந்து ஒண்ணுன்னே சொல்லுவாங்க, விட்டத்துல வித்தியாசம் ஒரு அங்குலத்துல ஆயிரத்துல பன்னெண்டு பங்குதான், அதுலயும் .315தான் பெரிசு. ஆனா .315 சாதாரண லைசென்ஸ்ல வரும், .303 வராது. ஏன்னா .303 நம்ம படைகளும் போலீசும் பல வருஷம் தூக்கிட்டு நின்ன துப்பாக்கியோட தோட்டா, .315 தோட்டா அவங்க கைல இல்லாதது. அதே மாதிரி .30-06 ரைபிள், 7.62 நேட்டோ தோட்டாவ விட அதுல மருந்து அதிகம், குண்டோட விட்டமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா தோட்டாவோட நீளம் வேற, அதுல சர்வீஸ் தோட்டாவ வச்சு சுட முடியாது, அதனால அது அனுமதிக்கப்பட்ட பக்கம் நிக்குது. எனக்கு இதுல ஒரு ஆதங்கம் உண்டு, சாதாரண ஜனங்களுக்கு இந்தக் காரணத்த எந்த ஆபீஸ்லயும் யாரும் எடுத்துச் சொல்றதில்ல, சொன்னா பாதிக் குழப்பம் அங்கயே தீர்ந்துரும்.

எண்ணப் பாக்குறப்ப இன்னொரு எச்சரிக்கை. 7.65 எம்எம் பிஸ்டல்னா அது .32தான், அனுமதிக்கப்பட்டது. 7.62 எம்எம்னா ராணுவ ரைபிள் தோட்டா. மகஜர்லயோ ரசீதுலயோ ஒரு ஐந்துக்கு பதிலா ரெண்டு விழுந்துட்டா ஒரு மனுஷனோட வருஷங்கள் அதுல தொங்கும். எண்ண எங்க பாக்குறதுன்னா, குழல் ஆரம்பிக்கிற பக்கத்துல, தோட்டா அறைக்கு மேலயோ பக்கவாட்டுலயோ போர் அளவும் டெஸ்ட் பண்ண முத்திரையும் குத்தியிருப்பாங்க, 12 போர்ல தோட்டா நீளமும் சேத்து இருக்கும். தோட்டாவோட அடித்தட்டுலயும் சுத்தி எழுத்து இருக்கும். துருப்பிடிச்சு தெரியலைன்னா நீங்களா தேச்சுப் பாக்காதீங்க, கழட்டிப் பாக்காதீங்க, லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடைக்காரர்தான் அதுக்கு ஆளு.

அஞ்சாவது கேள்வி சுருக்கமா முடிஞ்சுரும். சத்தத்தையோ வெளிச்சத்தையோ குறைக்கிற சாமான், சைலன்சர், இதுக்கு 1(டி)ன்னு தனி இடம். சட்டத்தோட அர்த்தத்துல சைலன்சர் மட்டும் தனியா இருந்தாலும் அதுவே "துப்பாக்கி"ங்கற வார்த்தைக்குள்ள வந்துரும். ஏர்கன்ல மாட்டலாம்னு ஆன்லைன்ல பாத்து வாங்குற பசங்க இருக்காங்க, வேணாம்.

அஞ்சுக்கும் இல்லைன்னு பதில் வந்தா அப்ப பெரும்பாலும் மூணாவது வகை, அதாவது அனுமதிக்கப்பட்டது. .32 ரிவால்வர், .32 பிஸ்டல், .315, .30-06, சாதாரண .22 ரைபிள், நீளக் குழல் வச்ச 12 போர் சிங்கிள், டபுள், பம்ப் ஆக்‌ஷன், வாய்வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி எல்லாம் இதுல. ஏர்கன்ல 4.5 எம்எம் அதாவது .177க்கு மேல போர் இருந்தாலோ, குண்டு வெளிய வர்ற சக்தி 20 ஜூலத் தாண்டினாலோ லைசென்ஸ் வேணும். ரெண்டாவது வகை துப்பாக்கி செய்யுற மெஷின், நாலாவது பழம்பொருள், அஞ்சாவது வாள் கத்தி மாதிரி, ஆறாவது வெடிபொருள் சமாச்சாரம், அதுக்குள்ள நாம இப்ப போகல.

இப்ப நாட்டுத் துப்பாக்கி பத்தி தனியா சொல்லியே ஆகணும். ஜவ்வாதுமலை, கொல்லிமலை, கல்வராயன்மலை பக்கமெல்லாம் காட்டுப்பன்னிக்காகவும் வேட்டைக்காகவும் வழிவழியா வச்சிருக்கறது, நீளக் குழல், வாய்ப்பக்கமா மருந்தும் ரவையும் கெட்டி சுடுறது. போலீஸ் அப்பப்ப "ஒப்படைச்சுருங்க, கேஸ் போட மாட்டோம்"னு அறிவிப்பு குடுப்பாங்க, அப்ப ஒப்படைச்சவங்க தப்பிச்சாங்க. இந்தத் துப்பாக்கி தடை செய்யப்பட்ட ஆயுதம் இல்ல, மூணாவது வகைதான். லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தா 3வது பிரிவ மீறுன குற்றம், தண்டனை 25(1-பி)(ஏ), குறைஞ்சது ரெண்டு வருஷம் அதிகபட்சம் அஞ்சு வருஷம் அபராதத்தோட. செஞ்சு வித்தவருக்கு கதை வேற, அது 5வது பிரிவு, ஏழு வருஷத்துல இருந்து ஆயுள் வரைக்கும். வச்சிருந்த விவசாயி மேலயும் செஞ்ச ஆசாரி மேலயும் ஒரே பிரிவப் போட்டா அது சரியில்ல, அத அந்தக் குடும்பம் ஆரம்பத்துலயே கவனிச்சுக் கேக்கணும்.

எஃப்.ஐ.ஆர். காப்பி கைல இருந்தா இப்படிப் பாருங்க. பிரிவு எழுதுற எடத்துல "3 சேர்த்து 25(1-பி)(ஏ)"ன்னு இருந்தா அது சாதாரண லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக் கேஸ். "7 சேர்த்து 25(1-ஏ)"ன்னு இருந்தா தடை செய்யப்பட்ட ஆயுதம்னு சொல்றாங்க, ஏழு வருஷத்துல இருந்து பதினாலு வருஷம். "25(1-ஏஏ)"ன்னா தடை செய்யப்பட்டத தயாரிச்சது, வித்தது, ரிப்பேர் பண்ணது, பத்து வருஷத்துல இருந்து ஆயுள். இன்னொரு நுணுக்கமும் இதோட ஒட்டி வருது, 3வது பிரிவுக் கேஸ்ல கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்ன மாவட்ட மாஜிஸ்திரேட்டோட முன் அனுமதி வேணும்னு 39வது பிரிவு சொல்லுது, 7வது பிரிவுக்கு அந்தப் பாதுகாப்பு எழுதப்படல. அதனால துப்பாக்கி எந்த வகைங்கறது தண்டனையோட மட்டும் நிக்காம கேஸ் நடக்குற முறையையே மாத்துது. நடிகர் சஞ்சய் தத் வழக்கு எல்லாருக்கும் தெரியும், ஏகே-56 வச்சிருந்ததுக்கு கீழ் கோர்ட் ஆறு வருஷம் குடுத்தத சுப்ரீம் கோர்ட் 2013ல அஞ்சாக் குறைச்சுது, அந்தக் காலத்துல தடை செய்யப்பட்ட ஆயுதத்துக்கு குறைஞ்சபட்சமே அஞ்சு வருஷம்தான். இன்னிக்கு அந்தக் குறைஞ்சபட்சம் ஏழு.

மேல ஒரு வார்த்தைய ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன்ல, கெசட் அறிவிப்பு. அது எதுக்குன்னா, 2016 விதிகள் 1(ஏ)வ "தடை செய்யப்பட்டது"ன்னும், 1(பி), 1(சி)ய "கட்டுப்படுத்தப்பட்டது"ன்னும், மூணாவது வகைய "அனுமதிக்கப்பட்டது"ன்னும் தனித்தனியா பேர் குடுத்து வச்சிருக்கு. ஆனா கடைத்தெருவுலயும் ஆபீஸ்லயும் போலீஸ் ஸ்டேஷன்லயும் முதல் ரெண்டையும் சேத்து பி.பி.ன்னும் (புரோஹிபிட்டட் போர், தடை செய்யப்பட்ட போர்), மீதிய என்.பி.பி.ன்னும் (நான்-புரோஹிபிட்டட் போர்) ஒரே வார்த்தையில சொல்லிருவாங்க, லைசென்ஸ் புக்குலயும் என்.பி.பி.ன்னுதான் சீல் இருக்கும். பேச்சுக்கு சரி. கேஸ்னு வந்துட்டா, பிடிபட்டது தொடர்ந்து சுடுற துப்பாக்கி இல்லாம 1(பி)யோ 1(சி)யோன்னா, இத சட்டத்தோட அர்த்தத்துல தடை செய்யப்பட்டதா ஆக்குற அறிவிப்பு எதுன்னு உங்க வக்கீல் கேட்டாகணும். ஆவணமா கேக்கணும், வாய்வார்த்தைக்கு ஒத்துக்கக் கூடாது. அதோட தடய அறிவியல் ஆய்வக ரிப்போர்ட்ல போர் என்ன, எப்படி லோடு ஆகுது, சுடுற நிலையில இருக்கா, டெஸ்ட் ஃபயர் பண்ணாங்களா, பேரல் நீளம் எவ்வளவு, இது எல்லாம் எழுதியிருக்கான்னு ஒவ்வொரு வரியா பாருங்க. "துப்பாக்கி போன்ற பொருள்"னு மட்டும் எழுதி வந்த ரிப்போர்ட்டுக்கும் இந்த விவரம் எல்லாம் உள்ள ரிப்போர்ட்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

தோட்டாவுக்கும் இதே பாகுபாடு உண்டு. ராக்கெட், கிரனேட், ஷெல், வெடிகுண்டு, விஷ வாயு அடைச்ச தோட்டா எல்லாம் தடை செய்யப்பட்ட தோட்டாப் பிரிவுல வரும். ராணுவத்துல இருந்த சித்தப்பா ஞாபகார்த்தமா குடுத்தார்னு ஒரு உயிருள்ள 7.62 தோட்டாவ ஷோகேஸ்ல வச்சிருக்குற வீடுங்க இருக்கு, அத தயவுசெஞ்சு வீட்ல வச்சுக்காதீங்க, பைல போட்டு ஏர்போர்ட் போயிறாதீங்க. தெரியாம பைல இருந்துச்சுன்னா, வச்சிருக்கோம்ங்கற அறிவும் சேந்தாதான் "வச்சிருக்கறது"ன்னு குன்வந்த்லால் வழக்குல 1972லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, ஆனா அத நிரூபிக்க அலையுறது நீங்கதான்.

லைசென்ஸ் யார்கிட்டன்னா, மூணாவது வகைக்கு மாவட்டத்துல கலெக்டர், கமிஷனர் இருக்குற நகரத்துல போலீஸ் கமிஷனர். 1(பி), 1(சி)க்கு மத்திய உள்துறை அமைச்சகம்தான். தீவிரவாதிகளால உயிருக்கு நேரடி ஆபத்து இருக்குறவங்க, அந்த வேலையில இருக்குற அதிகாரிங்க, அவங்க குடும்பம், இந்த மாதிரி குறுகின வட்டத்துக்குத்தான் பரிசீலனை, துப்பாக்கி சுடுற விளையாட்டு வீரர்களுக்கு தனி வழி இருக்கு. 1(ஏ)வுக்கு 7வது பிரிவுல மத்திய அரசோட சிறப்பு அனுமதி தவிர வேற கதவே இல்ல, லைசென்ஸ் குடுக்குற அதிகாரியே மறுத்தாகணும்னு 14வது பிரிவு கட்டளையா சொல்லுது. புரோக்கர் யாராவது "பி.பி. லைசென்ஸ் லோக்கல்லயே முடிச்சுத் தர்றேன்"னு சொன்னா பணத்த குடுத்துறாதீங்க, அந்த அதிகாரம் லோக்கல்ல யாருக்குமே இல்ல.

பரண்ல துப்பாக்கி கிடைச்சவங்களுக்கு என்ன செய்யணும்னா, மொதல்ல பழைய லைசென்ஸ் புக்க தேடுங்க, அதுல போர், மேக், நம்பர் இருக்கும், துப்பாக்கியில குத்தியிருக்குறதோட அது ஒத்துப்போகுதான்னு பாருங்க. "ரொம்பப் பழசு, சுவத்துல மாட்டுற சாமான்"னு நீங்களா முடிவு பண்ணிறாதீங்க, வழக்கொழிஞ்ச மாடல், பழம்பொருள் மதிப்பு, சுடவே முடியாத அளவுக்கு கெட்டுப்போனது இதுக்கெல்லாம் 45வது பிரிவுல விலக்கு இருக்கு, ஆனா அது அந்த மாதிரிதான்னு சொல்ல வேண்டியவங்க அதிகாரிங்க. தோட்டாவ துப்பாக்கியோட சேத்து வைக்காம, கைய ட்ரிகர் பக்கம் கொண்டு போகாம, தாமதம் பண்ணாம பக்கத்து ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயோ 21வது பிரிவுப்படி டெபாசிட் பண்ணுங்க, போறதுக்கு முன்ன ஸ்டேஷனுக்கு ஒரு கடிதம் எழுதி ஒப்புகை வாங்கிட்டா வழியில யாரும் நிறுத்துனாலும் பேச்சு இருக்கும். வாரிசுக்கு லைசென்ஸ் கேட்டு தனியா விண்ணப்பம் போடலாம், 2016 விதிகள்லயே அதுக்கு வழி இருக்கு, பரம்பரைத் துப்பாக்கியா இருந்தாலும் ரெண்டு துப்பாக்கிங்கற வரம்புக்குள்ளதான். டெபாசிட் ரசீது எழுதுறப்ப அவங்க அவசரத்துல "ரைபிள் ஒண்ணு"ன்னு மொட்டையா எழுதுவாங்க, ஒத்துக்காதீங்க. என்ன வகை, என்ன போர், போல்ட் ஆக்‌ஷனா டபுள் பேரலா, நம்பர் என்ன, எத்தன தோட்டா, எல்லாத்தையும் எழுத வச்சு, பேரல்ல குத்தியிருக்குற எண்ணோட ஒண்ணொண்ணா சரிபாத்துட்டு அப்புறமா கையெழுத்துப் போடுங்க, ரசீத லைசென்ஸ் புக்கோட சேத்து பத்திரமா வைங்க.